பிள்ளையின் கை நடுங்கினால்... வில்சன் நோயை அறிந்து கொள்வோம்



நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையின் கையெழுத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கோணிப் போகிறது. தேநீர்க் கோப்பையைத் தூக்கினால் கை நடுங்குகிறது. பேச்சு குழறுகிறது. வாயோரம் எச்சில் வடிகிறது. சாந்தமாக இருந்த பிள்ளை சின்ன விஷயத்துக்கும் சீறி விழுகிறது. அல்லது காரணமில்லாமல் அழுகிறது. பரீட்சைப் புள்ளிகள் இறங்குகின்றன.

பாடசாலையில் "சோம்பல்" என்கிறார்கள். வீட்டில் மாமி "கண்ணூறு" என்கிறார். அயல்வீட்டார் "ஜின்னின் வேலை" என்கிறார்கள். நூல் கட்டுவதிலும் தண்ணீர் ஓதிக் கொடுப்பதிலும் மாதங்கள் கழிந்துவிடுகின்றன.

இப்படி நடுங்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நோய்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இவ்வடையாளங்களுக்குப் பின்னால் அரிதான ஒரு பரம்பரை நோய் மறைந்திருக்கலாம். அதன் பெயர் வில்சன் நோய். சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு இது ஏற்படுவதாகக் கணிக்கப்படுகிறது. நரம்பு மண்டலத்தைத் தாக்கும் பரம்பரை நோய்கள் பலவற்றுக்கு நோயை நிறுத்தும் மருந்து இல்லை. இதற்கு உண்டு. ஆகவேதான் காலதாமதம் இங்கு பெரும் நஷ்டமாகிறது.

செம்பு எப்படி நஞ்சாகிறது?

நாம் உண்ணும் உணவில் மிகச் சிறிதளவு செம்பு இருக்கிறது. உடம்புக்கு அது தேவை. தேவைக்கு மிஞ்சியதை ஈரல் பித்தநீரோடு சேர்த்து வெளியேற்றிவிடும். இந்நோய் உள்ளவரின் ஈரலால் அந்த வேலையைச் சரிவரச் செய்ய முடியாது. கான் அடைபட்ட முற்றத்தில் மழைத்தண்ணீர் தேங்குவது போல, செம்பு முதலில் ஈரலில் தேங்குகிறது. பிறகு இரத்தத்தில் கலந்து மூளைக்கும் கண்ணுக்கும் போகிறது.

அதனால் சில பிள்ளைகளுக்குச் செங்கண்மாரி, வயிற்று வீக்கம், கால் வீக்கம் என்று ஈரல் நோயாகவே இது தொடங்கும். பெரும்பாலும் பதின்ம வயதிலும் இருபதுகளிலும் நடுக்கம், உடல் விறைப்பு, பேச்சுக் குழறல், மனமாற்றம் ஆகியவை தோன்றும். நரம்பு பாதிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலானோருக்குக் கண்ணின் கறுப்புமுழி ஓரத்தில் பழுப்பு நிற வளையம் ஒன்று இருக்கும். கண் வைத்தியரின் விசேட விளக்கில்தான் அது தெளிவாகத் தெரியும்.

1912ஆம் ஆண்டு லண்டனில் பணியாற்றிய நரம்பியல் வைத்தியர் கின்னியர் வில்சன் இந்நோயை விரிவாக எழுதினார். இதற்குக் காரணமான பரம்பரை அலகு 1993இல் கண்டறியப்பட்டது. இன்று இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்னும் புரதத்தின் அளவு, 24 மணி நேரச் சிறுநீரில் வெளியேறும் செம்பின் அளவு, கண் பரிசோதனை ஆகியவற்றைக் கொண்டு வைத்தியர்கள் ஆராய்கிறார்கள். தேவைப்பட்டால் மேலும் சில பரிசோதனைகள் செய்வார்கள்.

யார் மீது குற்றம்?

பிள்ளைக்குப் பரம்பரை நோய் என்றதும் பல வீடுகளில் பழி தாயின் தலையில் விழுகிறது. "உன் குடும்பத்து இரத்தம்" என்று குத்திக் காட்டுகிறார்கள். இது அநியாயம். உம்மாவிடமிருந்து ஒன்று, வாப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான அலகுகள் சேர்ந்தால்தான் இந்நோய் வரும். ஒன்று மட்டும் உள்ளவர்கள் சுகமாகவே இருப்பார்கள். தம்மிடம் அது இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட இருவர் மணமுடித்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள பிள்ளை பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆண், பெண் வித்தியாசம் கிடையாது.

மச்சான் மச்சி திருமணம் மார்க்கத்தில் ஆகுமானதுதான். எனினும் ஒரே குடும்பத்து அலகு இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அங்கே கூடுதல். குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், சம்பந்தம் பேசும் முன் வைத்திய ஆலோசனை பெறுவதில் வெட்கமென்ன?

இதைவிட அவசரமான கடமை ஒன்றுண்டு. ஒரு பிள்ளைக்கு நோய் உறுதியானால், கூடப் பிறந்த அனைவரையும் பரிசோதிக்க வேண்டும். ஓடி விளையாடும் தம்பியின் ஈரலிலும் செம்பு சேர்ந்துகொண்டிருக்கலாம். அடையாளம் தோன்றுமுன்பே மருந்து தொடங்கினால் அவர் ஏனையோரைப் போல் வாழ முடியும்.

மருந்தை நிறுத்தாதீர்கள்

1956இல் ஜோன் வோல்ஷ் என்ற வைத்தியர் பெனிசிலமைன் என்னும் மருந்தை அறிமுகப்படுத்தினார். அது செம்பைச் சிறுநீரோடு வெளியேற்றுகிறது. டிரையென்டைன் என்ற மருந்தும் அவ்வாறே. 'சிங்க்' எனப்படும் நாகச் சத்துக் குளிசை, உணவிலிருந்து செம்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கிறது. ஈரல் முற்றாகப் பழுதடைந்தவர்களுக்கு ஈரல் மாற்றுச் சத்திர சிகிச்சை செய்யப்படுகிறது.

ஈரல், நண்டு, சிப்பி, கஜு, கச்சான், காளான், சொக்லட் ஆகியவற்றைத் தவிர்க்கும்படி வைத்தியர் சொல்வார். செம்புப் பாத்திரத்தில் சமைக்கவோ தண்ணீர் வைத்துக் குடிக்கவோ வேண்டாம். ஆனால் உணவுக் கட்டுப்பாடு மருந்துக்கு ஈடாகாது.

மருந்து ஆயுள் முழுவதற்கும் உரியது. தொடக்கத்தில் சிலருக்கு நடுக்கம் கூடக்கூடும். உடனே குளிசையை வீசிவிடாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். "சுகமாகிவிட்டதே" என்று நிறுத்தியவர்களுக்கு ஈரல் திடீரெனச் செயலிழந்து உயிராபத்து நேர்ந்ததுண்டு. இந்நோயுள்ள சகோதரி கர்ப்பமுற்றாலும் மருந்தைத் தானாக நிறுத்தக்கூடாது. அளவை வைத்தியரே தீர்மானிப்பார்.

சகோதரிகளே! ஓதிப் பாருங்கள், துஆக் கேளுங்கள். அதை யாரும் தடுக்கவில்லை. மருத்துவம் செய்வதையும் மார்க்கம் தடுக்கவில்லை. ஓதிய தண்ணீருக்காகக் காத்திருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளைத் தள்ளிப்போடுவதுதான் தவறு. நாளை உங்கள் பிள்ளையின் அப்பியாசக் கொப்பியைத் திறந்து பாருங்கள். எழுத்து மாறியிருந்தால், ஏசுவதற்கு முன் ஏனென்று விசாரியுங்கள். நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக.