பூட்டிய லாக்கரும் திறந்த செல்போனும்

வங்கி லாக்கரைத் திறக்கப் போகிறவர் முதலில் ஒரு பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். லாக்கர் எண், தேதி, நேரம், கையெழுத்து என்று ஒரே ஒரு வரிதான். ‘நகையை மொத்தமாக அவளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்’ என்று கணவனும், ‘எடுத்து அடகு வைத்ததே அவர்தான்’ என்று மனைவியும் திருச்சி குடும்ப நல நீதிமன்றத்தில் வாய்தாவுக்கு வாய்தா சொல்லிக்கொண்டிருக்க, ஸ்ரீரங்கத்திலோ தில்லைநகரிலோ ஏதோ ஒரு கிளையின் அலமாரியில் அந்த வரி பேசாமல் கிடக்கும். லாக்கர் அறைக்குப் போய்வந்தவர் யார் என்பதற்குக் கேமராப் பதிவும் உண்டு. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட லாக்கர் விதிகளின்படி அதைக் குறைந்தது 180 நாள் வைத்திருக்க வேண்டும். மனு, நோட்டீஸ், எதிருரை, சமரசப் பேச்சு என்று வழக்கு நகரும் வேகத்தில் 180 நாள் ஒரு மூச்சுக்குள் போய்விடும். ஆவணங்களை வரவழைக்க நீதிமன்றத்துக்கு வேண்டிய அளவு அதிகாரம் இருக்கிறது. அந்த அதிகாரம் காலம் கடந்தே பயன்படுத்தப்படுகிறது என்பதுதான் இங்கே என் வாதம்.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் வழக்கறிஞரே கையெழுத்திட்டு ஆவணம் கேட்டு சம்மன் அனுப்பிவிட முடியும். நம்மிடம் அது நீதிபதியின் கையில். எந்த வங்கி, எந்தக் கிளை, எந்தக் கணக்கு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வழக்குக்கு அது ஏன் தேவை என்று எழுதி ஒரு இடைக்கால மனு போட வேண்டும். எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கலாம். மனு ஏற்கப்பட்டால், ஆவணம் கேட்டவர் சாட்சிப்படியைக் கட்ட வேண்டும், சம்மன் போகும். ஆவணம் மட்டும்தான் வேண்டும் என்றால் அதிகாரி நேரில் வந்து கூண்டேறத் தேவையில்லை, ஆவணம் வந்து சேர்ந்தால் போதும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16-ஆம் கட்டளை. வங்கியின் கணக்குக்கும் அதே சலுகை உண்டு. இது வங்கியின் வழக்கமான அலுவலில் எழுதப்பட்ட கணக்கின் உண்மை நகல் என்று அடியில் சான்றளித்து, பொறுப்பான அதிகாரி தேதியோடு கையெழுத்திட்ட நகலே போதுமான சாட்சியம். 1891-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அப்போதே இதற்கு வழி செய்துவிட்டது. சம்மனை மதிக்காதவர்மேல் பிடியாணை, ஜப்தி வரை போகலாம். 16-ஆம் கட்டளையில் அபராதத்தின் உச்சவரம்பு மட்டும் இன்னும் 500 ரூபாயில் நிற்கிறது. அதை உயர்த்தியே ஆக வேண்டும்.

சாட்சிப் பட்டியலை, வழக்கெழு வினாக்கள் வனையப்பட்ட 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று அந்தக் கட்டளையே சொல்வதால், சம்மன் என்றாலே விசாரணைக் கட்டத்து விவகாரம் என்ற பழக்கம் ஊறிப்போய்விட்டது. ஆனால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, எந்த நேரத்திலும், யாரும் கேட்காமல் தானாகவேகூட நீதிமன்றம் ஆவணங்களை வரவழைக்கலாம் என்று அனுமதிக்கிறது. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் 14-ஆம் பிரிவில் இன்னும் ஒருபடி மேலே போய், தகராறைத் தீர்க்க உதவும் எந்த அறிக்கையையும் ஆவணத்தையும் சான்றுச் சட்டத்தின் கறார் இல்லாமலே பெற்றுக்கொள்ளலாம் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், முதல் சில வாய்தாக்களிலேயே வங்கிக்கும் முதலாளிக்கும் சம்மன் போவதற்குத் தடையாக எதுவும் தெரியவில்லை.

திருச்சியில் இப்படி முன்கூட்டியே சம்மன் அனுப்பும் தேவை அதிகம். பொன்மலையில் ரயில்வே சம்பளம் என்றால் ஒரு சம்பளப் பட்டியலோடு வேலை முடிந்தது. காந்தி மார்க்கெட் மொத்த வியாபாரத்துக்குச் சம்பளப் பட்டியல் ஏது? சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை என்றால், அங்குள்ள நிறுவனத்துக்கு நம் சம்மன் நேராகப் போகாது. வேண்டுகோள் கடிதம் என்ற நீண்ட பாதைதான். ஆனால் அவர் அனுப்பும் பணம் பெரும்பாலும் உள்ளூர்க் கிளையின் என்.ஆர்.இ. கணக்கில்தான் வந்து இறங்குகிறது. அந்தக் கணக்கு விவரத்தை இங்கேயே கேட்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒருவரின் வருமான வரிக் கணக்கு தனிப்பட்ட தகவல் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அந்தக் கதவு ஏறத்தாழ அடைபட்டுவிட்டது. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பர் 4-இல் அதே நீதிமன்றம் கட்டளையிட்டது மிகப் பெரிய முன்னேற்றம். ஆனாலும் பிரமாணப் பத்திரத்தில் இருப்பது அவரவர் சொல்வது. அது மெய்யா என்று சோதிக்க, சம்பந்தமில்லாத மூன்றாம் ஆளிடம் இருக்கும் காகிதம் வேண்டும். வீட்டு வரவுசெலவு ஒருவர் கையிலேயே இருந்த குடும்பங்களில், மற்றவருக்குக் கணக்கு எண்கூடத் தெரிந்திருக்காது. அவரைப் பார்த்து, எண் இருந்தால்தான் மனு என்று சொல்வது நியாயமாகாது. எந்தெந்த வங்கியில் கணக்கு என்பதை முதலில் எதிர்த்தரப்பே சத்தியம் செய்து சொல்லட்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம்.

என்னை உறுத்துவது வேறொன்று. நேர்வழி சுணங்கும்போது, கணவனும் மனைவியும் ஒருவர் செல்போனை மற்றவர் கிண்டத் தொடங்குகிறார்கள். திருச்சி வழக்குகளும் போய்ச்சேரும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, 2024 அக்டோபர் இறுதியில் இதைக் கண்டித்தது. மனைவியின் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்து, பரமக்குடி நீதிமன்றத்தில் கணவன் தாக்கல் செய்த வழக்கு அது. அந்தரங்கத்தை மீறிப் பெற்ற சான்று ஏற்கத்தக்கதன்று என்று தீர்ப்பளித்த நீதிபதி, மாற்று வழியையும் காட்டினார்: எழுத்து மூலம் கேள்விகள் அனுப்பிப் பதில் வாங்கலாம், பொய்யானால் வழக்கு வரும் என்ற எச்சரிக்கையோடு பிரமாணப் பத்திரம் கேட்கலாம். ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. 2025 ஜூலை 14-இல், பட்டிண்டாவில் தொடங்கிய ஒரு வழக்கில், ரகசியமாகப் பதிவு செய்த தம்பதியின் பேச்சையும் சான்றாக ஏற்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்ட திருமணம் ஏற்கெனவே உடைந்ததுதான் என்பது அதன் பார்வை. சட்டம் அதுதான், கட்டுப்பட வேண்டும். ஆனால் அதன் விளைவு எனக்குக் கவலை தருகிறது. வழக்கு வரும் முன்பே, ஒருவேளை வழக்கு வரலாம் என்ற எண்ணத்திலேயே, சமையலறையில் போனில் பதிவை ஓடவிடுவார்கள். அப்படி ஓடும் பதிவில் குழந்தையின் குரலும் விழும், ஊரிலிருந்து வந்த அம்மாவின் புலம்பலும் விழும். நீதிபதி கேட்டு வாங்கும் ஆவணத்துக்குத் தேதி வரம்பு உண்டு, வழக்கோடு தொடர்பு வேண்டும், எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கலாம். போனில் எடுத்த பதிவை நீதிமன்றம் பார்ப்பது எடுத்து முடித்த பிறகுதான்.

சம்மனைத் தாராளமாகத் தந்தால் ஆளாளுக்குத் தூண்டில் போட்டுக் குடும்பத்தின் எல்லாக் கணக்கையும் துழாவுவார்கள் என்பது வழக்கறிஞர்களில் ஒரு சாரார் சொல்லும் ஆட்சேபம். அதில் உண்மை இருக்கிறது. அதற்கு மருந்து சம்மனை மறுப்பதா? கணக்கையும் காலத்தையும் குறுக்கி, விவரங்களை மூடிய உறையில் வாங்கி, தேவையில்லாத பக்கங்களைத் திருப்பித் தரலாம். விசாரணையையே மூடிய அறையில் நடத்தச் சட்டம் இடம் தருகிறது. வழக்கு இழுக்கும் என்ற பயத்துக்கும் அதிக ஆதாரமில்லை. சான்றளித்த வங்கி நகல் ஒன்று வந்துவிட்டால், குறுக்கு விசாரணையில் பாதிக் கேள்விக்கு வேலையே இருக்காது.

குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போகும் நிலை வந்துவிட்டால், முதல் நாளே வழக்கறிஞரிடம் உட்கார்ந்து வங்கிக் கிளைகள், லாக்கர், நகைக்கடன், என்.ஆர்.இ. கணக்கு என்று தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுங்கள். 30-ஆம் பிரிவின் கீழ் மனுவை உடனே போடச் சொல்லுங்கள். கேமராப் பதிவு தேவைப்பட்டால், அதை அழிக்காமல் வைத்திருக்க உத்தரவு கேட்டு அதே மனுவில் ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள். துணையின் போனை எடுத்துப் பார்க்க வேண்டாம்.