தோலுக்குள் நுழையும் ஒளி

கணினியில் உருவாக்கப்படும் மனித முகம் பல வேளைகளில் மெழுகுப் பொம்மையாகத் தோன்றுவது ஏன்? 2014-இல் வெளியான 'கோச்சடையான்' படத்தில் ரஜினிகாந்தின் நடிப்பு அவரிடமிருந்தே பதிவு செய்யப்பட்டது. ஆயினும் அந்தத் தோலில் உயிர் இல்லை என்றே எனக்குப் பட்டது.

தோல், வண்ணம் பூசிய சுவர் அன்று. அதன்மீது விழும் ஒளியில் நூற்றில் சுமார் ஐந்து பங்கே மேற்பரப்பிலிருந்து நேராகத் திரும்புகிறது. எஞ்சியது உள்ளே நுழைந்து சிதறுகிறது. ஒரு பகுதி உட்கவரப்படுகிறது. மீதி, நுழைந்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளி வெளியேறுகிறது. இவ்வாறு அதிகத் தொலைவு பயணம் செய்வது சிவப்பு ஒளி. டார்ச் விளக்கைக் கையால் மூடினால் விரல்கள் சிவந்து ஒளிர்வது இதனால்தான். இந்தச் சிதறலைக் கணக்கில் கொள்ளாத முகம், எவ்வளவு நுணுக்கமாக வரையப்பட்டாலும், பிளாஸ்டிக்காகவே தெரியும்.

இதை விரைவாகக் கணக்கிடும் முறையை ஹென்ரிக் ஜென்சன், ஸ்டீபன் மார்ஷ்னர், மார்க் லெவாய், பாட் ஹன்ராஹன் ஆகிய நால்வர் 2001-இல் வெளியிட்டனர். மறு ஆண்டே 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' இரண்டாம் பாகத்தின் கொலம் பாத்திரத்தில் ஒளிச்சிதறல் உத்தி பயன்பட்டது. மயிர்த்துளைகளையும் சுருக்கங்களையும் அளந்து பதிவு செய்யும் கருவிகள் பின்னர் செம்மையாயின.

எனது மனக்குறை வேறு. தோலின் இயல்பே ஒளி ஊடுருவும் தன்மைதான் என்று இத்துறை பழகிவிட்டது. அது வெளிர்நிறத் தோலை அளவுகோலாகக் கொண்ட பார்வை என்று யேல் பல்கலைக்கழகக் கணினி அறிவியலாளர் தியோடர் கிம் 2020-இல் சுட்டிக்காட்டினார். அவர் கூற்றில் இயற்பியல் நியாயம் உண்டு. கருநிறத் தோலில் மெலனின் மிகுதி. உள்ளே நுழையும் ஒளியில் பெரும்பகுதியை அது உட்கவர்ந்துவிடும். மேற்பரப்பில் திரும்பும் அந்த ஐந்து பங்கோ நிறத்தால் குறைவதில்லை. ஆகவே நம்மில் பலரது முகத்தில் கண்ணுக்கு முதலில் படுவது உள்ளிருந்து வரும் செம்மை அன்று. நெற்றியிலும் கன்ன எலும்பிலும் படரும் மினுமினுப்பே. வெளிர்நிற முகத்துக்கென அமைத்த கணக்கில் நிறத்தை மட்டும் மாற்றி நம் முகங்களை உருவாக்கினால், பவுடர் பூசிய சாம்பல் முகமே கிடைக்கும்.

நம் கலைஞர்கள் தத்தம் நடிகர்களின் தோலைப் பல ஒளிநிலைகளில் தாங்களே அளந்து தொடங்க வேண்டும். அதிலும் ஓரிடத்தில் அளந்தது போதாது: கருநிறத்தவரின் உள்ளங்கையில் மெலனின் குறைவு. அங்கே சிவப்பு ஒளிர்வு வேண்டும். புறங்கையில் மினுமினுப்பு வேண்டும்.