எஞ்சின் உறுமுது, வண்டி ஓடலையே!

வரதய்யபாளையத்தில் ஒருவர் பால் வியாபாரம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் மோட்டார் சைக்கிளின் இரு பக்கமும் பால் கேன்களைக் கட்டுவார். ஸ்ரீசிட்டி பக்கம் உள்ள டீக்கடைகளுக்குப் பால் ஊற்றுவார். நேரம் தவறினால் பால் கெட்டுவிடும். வாடிக்கையும் போய்விடும்.

ஒரு நாள் மேட்டில் ஏறும்போது ஆக்சிலேட்டரை முறுக்கினார். எஞ்சின் உறுமியது. வண்டி வேகம் எடுக்கவில்லை. கருகல் நாற்றம் அடித்தது. சில நாட்களாகப் பெட்ரோலும் அதிகம் செலவானது.

"கிளட்ச் போச்சுண்ணா. பிளேட் எல்லாம் மாத்தணும்" என்றார்கள் பார்த்தவர்கள். கையில் பணம் இல்லை. அப்படியே ஓட்டவும் பயம். தடாவில் சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையைக் கடக்கும்போது வண்டி இழுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அவர் என்ன செய்யலாம்?

கிளட்ச் எப்படி வேலை செய்கிறது?

எஞ்சினின் சக்தியைக் கியருக்கு அனுப்புவது கிளட்ச். அதற்குள் வட்டமான தட்டுகள் அடுக்கியிருக்கும். ஒன்று சொரசொரப்பான தட்டு. அடுத்தது இரும்புத் தட்டு. ஸ்பிரிங்குகள் இவற்றை அழுத்திப் பிடித்திருக்கும். கிளட்ச் லீவரைப் பிடித்தால் தட்டுகள் பிரியும். விட்டால் சேரும்.

இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு கையை நகர்த்தினால் மறு கையும் கூடவே வரும். அழுத்தத்தைக் குறையுங்கள். கை வழுக்கும். கிளட்சும் இப்படித்தான் வழுக்குகிறது.

முதலில் கேபிள்

எஞ்சினை நிறுத்துங்கள். லீவரை ஒரு விரலால் மெல்ல இழுங்கள். பல வண்டிகளில் லீவரின் நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை லேசாக அசைய வேண்டும். அது ஏறக்குறைய ஒரு விரல் அகலம். அதன் பிறகுதான் லீவர் கனக்க வேண்டும்.

லீவர் அசையவில்லை என்றால் கேபிள் இறுகியிருக்கிறது. லீவரை விட்ட பிறகும் தட்டுகள் சரியாகச் சேராது. தட்டுகள் தேயத் தேயக் கேபிள் தானாகவே இறுகும்.

லீவர் அருகே உள்ள பூட்டு நட்டைத் தளர்த்துங்கள். அட்ஜஸ்டரை உள்ளே திருகுங்கள். லீவர் அசையும் அளவு கூடும். பிறகு பூட்டு நட்டை இறுக்குங்கள். இதற்குக் காசு செலவில்லை.

அடுத்தது ஆயில்

நம் ஊரில் ஓடும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் எஞ்சின் ஆயிலில் நனைந்தபடியே சுற்றும். சில கார் ஆயில்களில் வழுக்கும் மருந்து கலந்திருக்கும். அதை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் 'ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ.' என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கிறதா என்று பாருங்கள். அது மோட்டார் சைக்கிள் கிளட்சுக்கு ஏற்ற ஆயில்.

கடைசியில் தட்டுகள்

இரண்டும் சரியாக இருந்தும் வழுக்கினால் மெக்கானிக்கிடம் போங்கள். தட்டு தேய்ந்திருக்கலாம். இரும்புத் தட்டு சூட்டில் நீலம் பாய்ந்து வளைந்திருக்கலாம். ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். கழற்றியதை அளந்து காட்டச் சொல்லுங்கள். புதுத் தட்டுகளை எஞ்சின் ஆயிலில் ஊறவைத்த பிறகே மாட்ட வேண்டும்.

பால்காரரின் வண்டியில் லீவர் அசையவே இல்லை. கேபிளைத் தளர்த்தினார். வண்டி மேடு ஏறியது. ஆனால் தேய்ந்த தட்டு மீண்டும் வளராது. என்றாவது ஒரு நாள் மாற்றத்தான் வேண்டும். அதற்குப் பணம் சேர்க்க அவருக்கு அவகாசம் கிடைத்தது.

லீவரில் விரலை வைத்தபடியே ஓட்டாதீர்கள். மேட்டில் ஹாஃப் கிளட்சில் நிற்காதீர்கள். பிரேக்கைப் பிடியுங்கள்.

உங்கள் வண்டியின் லீவர் எவ்வளவு அசைகிறது? இன்றே பாருங்கள்.