வலி அறியாப் பாதங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய வியாழன் மாலை. பாதம் கழுவும் சடங்கிற்காகப் பன்னிருவர் பீடத்தருகே வரிசையாக அமர்ந்திருந்தனர். ஏழாவதாக இருந்தவர் அறுபத்தைந்து வயதைக் கடந்த பெரியவர். நெடுநாள் நீரிழிவு நோயாளி. அவருடைய வலப்பாதத்தைக் கையில் ஏந்தி நீர் வார்த்தபோது உள்ளங்காலில் ஏதோ பளபளத்தது. உற்று நோக்கினோம். அறிவிப்புப் பலகையில் தாள் குத்தும் சிறு ஆணி ஒன்று தலைவரை இறங்கியிருந்தது. சுற்றிலும் தோல் வெளுத்துச் சீழ் கட்டியிருந்தது.

"வலிக்கவில்லையா, ஐயா?" என்று மெல்லக் கேட்டோம்.

"எது, சாமி?" என்றார் அவர்.

எத்தனை நாட்களாக அந்த ஆணியோடு நடந்தாரோ, அவருக்கே தெரியாது. அன்றிரவே அவரை மருத்துவமனையில் சேர்த்தோம். அதுமுதல் பாதத்தையும் காலணியையும் பற்றிச் சிறிது கற்கலானோம். கற்றதை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேலூர் கற்பித்த பாடம்

உணர்விழந்த பாதத்தைப் பற்றிய அறிவு பெரும்பாலும் தொழுநோயாளரிடமிருந்தே மருத்துவ உலகுக்குக் கிடைத்தது. அதற்கு நம் தமிழ் மண்ணே களமாயிற்று. கொல்லிமலையில் 1914-ஆம் ஆண்டு மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். அவர் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகப் பணியேற்றார். தொழுநோய் வந்தால் விரல்கள் தாமே அழுகி உதிரும் என்றே அந்நாளில் பலரும் நம்பினர். பிராண்ட் நோயாளரின் அன்றாட வாழ்வைக் கூர்ந்து கவனித்து வேறோர் உண்மையைக் கண்டார். கிருமி நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டதால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் சூட்டையும் முள்ளையும் புண்ணையும் நோயாளி பொருட்படுத்துவதில்லை. அந்தப் புண்களே விரல்களை அழிக்கின்றன.

பிராண்டின் வாழ்விலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. நீண்ட இரயில் பயணத்திற்குப்பின் ஓரிரவு லண்டனில் தங்கியபோது, தமது குதிகாலில் உணர்வே இல்லை என்று கண்டு திடுக்கிட்டார். ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் தொற்றிவிட்டது என்றெண்ணி இரவெல்லாம் உறங்காது தவித்தார். விடிந்ததும் மீண்டும் குத்திப் பார்த்தார், வலித்தது! ஒரே நிலையில் அமர்ந்திருந்ததால் நரம்பு மரத்துப்போயிருந்ததே காரணம். வலி தந்த இறைவனுக்கு அவர் அன்று நன்றி கூறினார்.

பாதம் எவ்வாறு நடக்கிறது?

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. நாம் அடியெடுத்து வைக்கையில் முதலில் குதிகால் தரையைத் தொடுகிறது. பிறகு பாரம் பாதத்தின் வெளியோரமாக முன்னேறி, விரல்களின் அடிமேட்டுக்கு வந்து, கடைசியில் பெருவிரலால் உந்தப்படுகிறது. உள்ளங்காலின் வளைவு வில்லைப்போல் அதிர்ச்சியைத் தாங்குகிறது.

எடையைவிட அது தங்கும் பரப்பே இங்கு முக்கியம். 60 கிலோ பாரம் 60 சதுர சென்டிமீட்டரில் தங்கினால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஒரு கிலோதான். அதே பாரம் 10 சதுர சென்டிமீட்டரில் குவிந்தால் ஆறு கிலோ. நரம்பு கெட்டு விரல்கள் கொக்கிபோல் மடங்கும்போது நிகழ்வது இதுவே. அடிமேட்டிலுள்ள மெத்தை போன்ற கொழுப்புத் திசு முன்னோக்கி நழுவ, எலும்பின் முனை தோலை நேராக அழுத்துகிறது.

நலமான பாதத்தில் கொப்புளம் தோன்றினால் நாம் நம்மை அறியாமலே நொண்டுகிறோம். நொண்டுவது பாதத்தைக் காக்கும் இயல்பான உத்தி. உணர்வற்ற பாதமோ நொண்டுவதில்லை. அதே இடத்தில், அதே பாரத்தை, ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை வைக்கிறது. முதலில் சூடு, பிறகு கொப்புளம், அதன்பின் ஆறாத புண்.

காலணியின் கடமை

மூவகைத் தீங்கிலிருந்து காலணி காக்க வேண்டும். ஆணி, முள் போல ஒரே நொடியில் துளைப்பது ஒன்று. இறுக்கமான வார்போல் மணிக்கணக்கில் அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தடுப்பது இரண்டாவது. அடிக்கு அடி திரும்பத் திரும்ப விழும் அழுத்தமும் உராய்வும் மூன்றாவது.

வேலூரிலும், 1955-இல் தொடங்கப்பெற்ற கரிகிரி தொழுநோய் ஆய்வு மருத்துவமனையிலும் பல பொருட்களைச் சோதித்துப் பார்த்தனர். இறுதியில் எளிய விடை கிட்டியது: நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மைக்ரோ செல்லுலார் ரப்பர். இன்று கடைகளில் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று நாம் கேட்டு வாங்குவதற்கு மூலம் இதுவே. பாதம் படும் மேல்தளம் மென்மையான இந்த ரப்பர். பாரத்தை அது விரித்துப் பரப்புகிறது. அடித்தளம் முள் துளைக்காத கெட்டி ரப்பர். பழைய டயரும் இதற்கு உதவியது. விரலிடுக்கில் உராயும் குமிழ் இல்லை. மரத்த கால் செருப்பைப் பற்றிக்கொள்ள இயலாது. ஆகவே குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார். வீக்கத்திற்கேற்பத் தளர்த்த வசதி. ஆணி அறவே கூடாது. தையலும் பசையும் மட்டுமே.

எலும்பு துருத்திய பாதத்திற்கு அதன் வடிவிலேயே வார்த்த உள்தளம் வேண்டும். பழைய புண்ணின் தழும்பு உள்ளவர்க்குப் படகின் அடிபோல் வளைந்த கெட்டித்தளம் உதவும். பாதம் மடங்காமல் உருண்டு முன்செல்லும். பாதத்தைத் தூக்க இயலாதவர்க்கு விரல்நுனி தரையில் இழுபடாதபடி உயர்த்திப் பிடிக்கும் தாங்கி உண்டு.

தொழுநோய்க்குக் கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது. ஆனால் நோய் நீங்கியபின்னும் இழந்த உணர்வு பெரும்பாலும் திரும்புவதில்லை. மேலும் 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கின்றனர். அவர்களிலும் பலருக்குப் பாதம் மரத்துப்போகிறது. தொழுநோயாளருக்காகக் கண்ட காலணி இன்று நம் இல்லங்களுக்கே தேவையாகிவிட்டது.

அணியாத காலணி

நம் பெரியவரிடம் திரும்புவோம். சில வாரங்களில் புண் ஆறியது. மருத்துவமனைக் காலணிக் கூடத்தில் அவருக்கு நல்ல எம்.சி.ஆர். செருப்பு செய்து கொடுத்தனர். ஆறு மாதம் சென்றது. மீண்டும் அதே இடத்தில் புண்!

சற்றுக் கடிந்தே கேட்டோம். அவர் தலைகுனிந்தார். "வீட்டுக்குள் எப்படிச் செருப்போடு நடப்பது, சாமி? மருமகள் கூட்டித் துடைத்த தரை. கோவிலில் எல்லாரும் வாசலில் கழற்றுகிறார்கள். நான் மட்டும் போட்டுக்கொண்டு வரலாமா? அதுவும் அந்தக் கறுப்புச் செருப்பு! என்ன வியாதி என்று பார்க்கிறவர்கள் கேட்க மாட்டார்களா?"

நாம் வாயடைத்துப் போனோம். அச்செருப்பு அவர் பாதத்திற்குப் பொருந்தியது. அவர் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை. அவரிடம் எவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. தொழுநோய் இல்லங்களிலும் இத்துன்பம் இருந்தது. தனித்து அடையாளம் காட்டிய கறுப்புச் செருப்பைப் பலர் மூலையில் ஒதுக்கினர். பின்னரே, கடைச் செருப்பைப்போல் தோன்றும் நிறங்களும் அமைப்புகளும் வந்தன.

ஜெய்ப்பூரில் டாக்டர் பி. கே. சேத்தியும், பள்ளிப்படிப்பு அதிகமில்லாத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் 1960-களின் இறுதியில் செயற்கைப் பாதம் செய்தபோது உணர்ந்ததும் இதுவே. மேல்நாட்டுச் செயற்கைக் கால் பூட்ஸ் அணிபவருக்கானது. நம் நாட்டு உழவருக்கோ வெறுங்காலுடன் சேற்றில் நடக்கவும், குந்தவும், சம்மணமிடவும் வேண்டும். அதற்கேற்ப ரப்பரில் செய்ததாலேயே 'ஜெய்ப்பூர் கால்' ஏழைகளிடம் நிலைத்தது.

நாம் செய்தது

பெரியவரோடு நாமும் காலணிக் கூடத்திற்குச் சென்றோம். இம்முறை அவரே பேசினார். வெளியே செல்லத் தோல்நிறத்தில் ஒரு சோடி. வீட்டிற்கும் ஆலயத்திற்கும் மட்டுமென இலேசான மற்றொரு சோடி. இரண்டாவது சோடி தெருவை மிதிப்பதில்லை. ஆகவே மருமகளுக்கும் குறையில்லை.

அடுத்த ஞாயிறு திருப்பலியில், பாதம் மரத்தவர்கள் சுத்தமான காலணியோடு ஆலயத்துள் வரலாம் என்று அறிவித்தோம். "மோசேயே மிதியடியைக் கழற்றினாரே, சாமி!" என்றார் ஒரு மூத்தவர். கழற்றியது வணக்கத்தின் அடையாளம்; அவ்வணக்கம் உள்ளத்தில் இருந்தால் போதும், இறைவன் தந்த காலை இழப்பது வணக்கமாகாது என்றோம். அன்று ஐந்துபேர் காலணியோடு நன்மை வாங்க வந்தனர். ஐவருக்கு இக்குறை இருப்பதை அதுவரை நாம் அறியோம்.

வெறுங்காலுடன் வேளாங்கண்ணிக்கு நடப்பதாக நேர்ந்துகொண்ட நீரிழிவு அன்பர்களுக்கும் ஒரு சொல். கோடைச் சாலையின் தார் உங்கள் பாதத்தைச் சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது. பங்குத் தந்தையிடம் வாருங்கள். அந்நேர்ச்சையை வேறு நற்செயலாக மாற்றித் தரத் திருச்சபைச் சட்டம் இடமளிக்கிறது.

இல்லத்தில் செய்ய வேண்டியவை சில. நாள்தோறும் மாலையில் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய இயலாதவர் கண்ணாடியின் துணை கொள்ளலாம், பேரப்பிள்ளைகளும் பார்த்துச் சொல்லலாம். ஓரிடம் மட்டும் சிவந்தோ சூடாகவோ இருந்தால் காலுக்கு ஓய்வளித்து மருத்துவரிடம் செல்லுங்கள். அணியுமுன் காலணியை உதறுங்கள். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் புதுச் செருப்பு வாங்குங்கள். முதல் நாட்களில் ஓரிரு மணி நேரமே அணியுங்கள். நல்ல எம்.சி.ஆர். தளம் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் அழுத்தினால் பாதித் தடிப்புக்கு அமுங்கும். அமுங்காமல் தட்டையானதும் மாற்றிவிடுங்கள். மருத்துவர் மெல்லிய நைலான் இழையால் தொட்டு, உணர்வு உள்ளதா என்று ஓரிரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஆண்டுக்கொரு முறையேனும் கேளுங்கள்.

சென்ற பெரிய வியாழனன்று அதே பெரியவர் மீண்டும் பன்னிருவரில் ஒருவராக அமர்ந்தார். இருக்கையின் அடியில் அவரது வீட்டுச் சோடி இருந்தது. பாதத்தைக் கழுவித் துடைத்தபின், வழக்கத்திற்கு மாறாக, அவ்விரு செருப்புகளையும் நாமே எடுத்து அவர் கால்களில் மாட்டி வாரைப் பூட்டினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து, நொண்டாமல், தம் இடத்திற்கு நடந்து சென்றார்.