உயிரி டீசலுக்கு ஏற்ற பம்பு எது?

1900ஆம் ஆண்டு பாரிசு நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் டீசல் எந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயால் ஓடிற்று. ஆயினும் தாவர எண்ணெய் தடிப்பானது. இக்கால எந்திரத்திற்கு அப்படியே ஒவ்வாது. ஆகவே, பொரித்து எஞ்சிய எண்ணெயுடன் மெதனால் என்னும் மரச்சாராயத்தையும் சிறிது காஸ்டிக் சோடாவையும் சேர்த்து, ஏறக்குறைய 55 பாகை வெப்பத்தில் கலக்கி உயிரி டீசல் செய்கின்றனர். 100 லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் 20 லிட்டர் மெதனால் வேண்டும்.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் அலுமினியப் பம்பு ஒன்றைக் கொணர்ந்து, "ஐயா, மலிவாகக் கிடைத்தது. இது போதுமா?" என்றார். விலையை அறியுமுன், பம்பினுள் ஓடப்போவது யாது என்று அறிதல் வேண்டும் என்றேன். இத்தொழிலில் பம்புக்கு மூன்று வேலைகள் உள.

முதலாவது, எண்ணெயைத் தொட்டியில் ஏற்றுதல். எண்ணெய் எளிதில் தீப்பற்றாது. தடித்த திரவத்தைத் தள்ளவல்ல சாதாரணப் பற்சக்கரப் பம்பு போதும்.

இரண்டாவது, மெதனாலை ஊற்றுதல். இதன் ஆவி சுமார் 11 பாகையிலேயே தீப்பற்றவல்லது. நம் நாட்டிலோ அவ்வெப்பம் எந்நேரமும் உண்டு. பகலில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரிவதும் அரிது. சாதாரண மின்மோட்டாரின் ஒரு பொறியே தீங்கு விளைக்கும். எனவே கையால் சுற்றும் பம்பே இதற்குத் தக்கது, விலையும் குறைவு.

மூன்றாவது, சூடான கலவையைச் சுழலவிடுதல். பணம் செலவிடவேண்டிய இடம் இதுவே. பம்பின் உடல் வார்ப்பிரும்பு அல்லது எவர்சில்வராக இருத்தல் வேண்டும். அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா அரித்து, எரியும் ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். நம் தோட்டங்களில் பாலெடுக்கும் இயற்கை ரப்பரும் இதற்கு ஆகாது. உயிரி டீசலில் ஊறி உப்பிக் கசியும். டெஃப்லான், விட்டான் வளையங்களே தாங்கும். மோட்டாரோ வெடிப்புக் காப்புடையதாக இருத்தல் வேண்டும். முற்றும் மூடிய மோட்டார் தூசியைத் தடுக்குமேயன்றி வெடிப்பைத் தடுக்காது. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவோர் பலர்.

ஆக, விலையுயர்ந்த பம்பு ஒன்றே வேண்டும். மற்ற இரண்டும் எளியவை. மூன்று வேலையையும் ஒரே மலிவுப் பம்பால் முடிப்பது சிக்கனமன்று. மெதனால் வாய், தோல், மூச்சு ஆகிய மூவழியும் உட்புகுந்து கண்பார்வையைப் பறிக்கவல்ல நஞ்சு. மேலும், மலேசியாவில் உயிரி எரிபொருள் உற்பத்திக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் உரிமம் கோருகிறது. அதனையும் முன்னரே விசாரித்தறிக.

மாணவர் பம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தக்க மோட்டாருக்குப் பணம் சேரும்வரை காத்திருக்கிறார். காத்திருத்தலும் கல்வியின் பயனே.