65 கிலோ சலவைக்கல்லும் ஒரு துடைப்பக் கம்பும்

டிராக்டர் இருக்கையைக் கழற்றி வந்து கூடத்தில் போட்டால் வீட்டில் என்ன சொல்வார்கள்? இத்தாலி நாட்டின் மிலான் நகரில் அண்ணன் தம்பி இருவர் அதைத்தான் செய்தார்கள். பியர் ஜாகோமோ காஸ்டிலியோனி, அக்கில்லே காஸ்டிலியோனி என்பவை அவர்கள் பெயர்கள். இருவரும் கட்டடக் கலை படித்தவர்கள். 1957இல் டிராக்டர் இருக்கையை வளைந்த எஃகுப் பட்டையில் பொருத்தி, அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து நிறுத்தினார்கள். அதற்கு 'மெட்சாத்ரோ' என்று பெயர். வாரத்துக்கு உழும் குடியானவர் என்று பொருள். அதைத் தயாரித்து விற்க ஒரு கம்பெனி துணிவதற்குப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. புதுச் சரக்குக்குச் சந்தை பழக நாளாகும் என்பது நம்மவர்களுக்குத் தெரியாததா?

1962இல் செய்த 'டோயோ' விளக்கில் கார் முகப்பு விளக்கும் தூண்டில் கம்பின் வளையங்களும் இருக்கின்றன. பொம்மை என்று பொருள்படும் 'டாய்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர். விளையாட்டுதான், ஆனால் வீண் இல்லை. வளையங்கள் ஒயரைப் பிடித்துக்கொள்கின்றன. டிரான்ஸ்பார்மர் அடியில் இருப்பதால் அதுவே விளக்கைச் சாயாமல் நிறுத்தும் பாரமாகிவிடுகிறது.

அதே ஆண்டு வந்த 'ஆர்கோ'தான் இவர்களுக்குப் பெரும் பெயர் தந்தது. சாப்பாட்டு மேசைக்கு மேல் வெளிச்சம் வேண்டும். கூரையில் துளை போடக் கூடாது. தெருவிளக்குபோல வளைந்த எஃகுக் கம்பம் ஏறக்குறைய 2 மீட்டர் நீண்டு நிற்கிறது. அதைத் தாங்க 65 கிலோ கராரா சலவைக்கல். கல்லை எடுத்தது அழகுக்காக அல்ல, பாரத்துக்காக. அதன் நடுவே ஒரு துளை. துடைப்பக் கம்பை நுழைத்து இரண்டு பேர் தூக்கி நகர்த்தலாம்! இடித்தாலும் நோகாதபடி கல்லின் முனைகளையும் மழித்திருக்கிறார்கள்.

அண்ணன் 1968இலும் தம்பி 2002இலும் காலமானார்கள். அதன்பிறகுதான் வழக்கு வந்தது. செமராரோ என்ற இத்தாலிய வியாபார நிறுவனம், ஆர்கோவைப் போன்ற விளக்கைச் சீனாவிலிருந்து இறக்கி 'ஃப்ளூயிடா' என்ற பெயரில் விற்றது. ஆர்கோவைத் தயாரிக்கும் ஃப்ளோஸ் நிறுவனம் 2006இல் மிலான் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் சரக்கை முடக்கவும் விற்பனையை நிறுத்தவும் இடைக்கால உத்தரவு வந்துவிட்டது. கவனியுங்கள், கூண்டில் நின்றது நகல் செய்த தொழிற்சாலை அல்ல, வாங்கி விற்ற கடை. பழைய வடிவம்தானே, யாரும் செய்யலாம் என்பது செமராரோவின் வாதம். பழையது என்பதற்காக மட்டும் பதிப்புரிமையை அடியோடு மறுத்துவிட முடியாது என்று 2011 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. மறு ஆண்டு மிலான் நீதிமன்றமும் ஃப்ளோஸ் பக்கமே தீர்ப்பளித்தது.