மலைப்பாதையில் யாருக்கு முதல் வழி? நடைப்பயணி, சைக்கிள், குதிரை சந்திக்கும் இடத்தில் பின்பற்ற வேண்டிய விதிகள்

பெங்களூரு: விவேக் நகர், ஈஜிபுரா போன்ற நெரிசல் மிகுந்த பகுதிகளில் வசிப்போருக்கு விடுமுறை நாளில் கிடைக்கும் திறந்தவெளிகள் மிகக் குறைவு. நகரின் தென்பகுதியில் உள்ள துரஹள்ளி காடு அவற்றில் ஒன்று. நடைப்பயிற்சி செய்வோர், பாறை ஏறுவோர், மவுன்டன் பைக் எனப்படும் மலை சைக்கிள் ஓட்டுவோர் என மூன்று தரப்பினரும் இந்தச் சிறிய வனப்பகுதியை நாடி வருகின்றனர். ஒற்றையடிப் பாதையில் இவர்கள் எதிரெதிரே சந்திக்கும்போது யார் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்ற கேள்வி எழுகிறது. உதகை, கொடைக்கானல், இமயமலை எனச் சுற்றுலா செல்லும்போது இந்தக் கேள்வியில் குதிரையும் சேர்ந்துகொள்கிறது.

உலகம் ஏற்ற வரிசை

இதற்குப் பல நாடுகளில் நடைமுறையில் உள்ள விதி எளிமையானது. சைக்கிள் ஓட்டுபவர் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். நடப்பவர் குதிரைக்கு வழிவிட வேண்டும். இரண்டு சைக்கிள்கள் எதிரெதிரே வந்தால், சரிவில் இறங்குபவர் நின்று, ஏறி வருபவருக்கு வழிவிட வேண்டும். ஏறுபவர் ஒருமுறை நின்றுவிட்டால் மீண்டும் புறப்படுவது கடினம் என்பதே இதற்குக் காரணம்.

இங்கிலாந்தில் இது சட்டமாகவே உள்ளது. குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்ட 1968-ம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் அனுமதி அளித்தது. அதே சட்டம், நடப்பவருக்கும் குதிரையில் செல்பவருக்கும் சைக்கிள் ஓட்டுபவர் வழிவிட வேண்டும் என்றும் கட்டளையிட்டது.

குதிரைக்கு ஏன் முதலிடம்?

குதிரை, ஆபத்து என்று தோன்றினால் ஓடித் தப்பும் இயல்புள்ள விலங்கு. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் பரந்த பார்வை உண்டு. ஆனால், நேர் பின்னால் வருவது அதன் கண்ணுக்குத் தெரியாது. பின்புறமாக ஓசையின்றி வேகமாக வரும் சைக்கிள், வேட்டையாட வரும் விலங்கைப் போன்ற அச்சத்தை ஏற்படுத்தும். மிரண்ட குதிரை உதைக்கலாம், மேலே அமர்ந்திருப்பவரைத் தள்ளிவிடலாம், எதிரே வருபவர்கள் மீது பாயலாம்.

எனவே, குதிரையைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து இயல்பான குரலில் பேச வேண்டும் என்று அறிவுறுத்தப்படுகிறது. மனிதக் குரலுக்குக் குதிரை பழகியது. திடீரென மணி அடிப்பதைவிட ஒரு வணக்கம் சொல்வது பாதுகாப்பானது.

ஒதுங்கி நிற்கும் இடமும் முக்கியம். மேலை நாட்டுப் பாதைகளில் சரிவின் கீழ்ப்பக்கம் நிற்குமாறு கூறப்படுகிறது. ஆனால், சுமை ஏற்றிய கோவேறு கழுதைகள் கூட்டமாக வரும் இமயமலைப் பாதைகளில் பள்ளத்தின் பக்கம் நிற்பது உயிருக்கே ஆபத்தாகும். சுமை இடித்துக் கீழே விழும் அபாயம் இருப்பதால், அங்கு மலைச்சுவரை ஒட்டி நிற்பதே சரி.

மோதல் எங்கே தொடங்கியது?

மலை சைக்கிளின் பிறப்பிடமாகக் கருதப்படுவது அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் உள்ள மரின் பகுதி. 1970-களில் அங்கு பழைய சைக்கிள்களில் மலைச்சரிவில் இறங்கும் போட்டிகள் தொடங்கின. அடுத்த பத்தாண்டில் நடைப்பயணிகளும் குதிரை வைத்திருப்போரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். பல பாதைகளில் சைக்கிளுக்குத் தடை விதிக்கப்பட்டது. அனுமதிக்கப்பட்ட பாதைகளில் மணிக்கு 24 கிலோமீட்டர் என்றும், பிறரைக் கடக்கும்போது 8 கிலோமீட்டர் என்றும் வேக வரம்பு வந்தது.

தடைகள் பெருகியதை அடுத்து, 1988-ம் ஆண்டு கலிபோர்னியாவில் சர்வதேச மலை சைக்கிள் சங்கம் உருவானது. வழிவிடுதல், சைக்கிளைக் கட்டுப்பாட்டில் வைத்தல், விலங்குகளை அச்சுறுத்தாமை உள்ளிட்ட 6 விதிகளை அது பரப்பியது. ஓட்டுபவர்கள் தங்களைத் தாங்களே ஒழுங்குபடுத்திக் கொள்ளாவிட்டால் பாதையே கிடைக்காது என்ற நிலையே இந்த விதிகளுக்கு அடிப்படை.

வைஷ்ணவ தேவி: பிரிக்கப்பட்ட பாதை

இந்தியாவில் இந்த மோதல் பெரிய அளவில் வெளிப்பட்டது புனித யாத்திரைப் பாதைகளில்தான். ஜம்முவில் உள்ள வைஷ்ணவ தேவி கோயில் பாதையில் பக்தர்களும் குதிரைகளும் நெருக்கியடித்துச் செல்வது குறித்த வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. நாளொன்றுக்கு 50,000 பக்தர்கள் என்ற வரம்பை 2017-ம் ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் விதித்தது. குதிரைகளுக்கு அனுமதி இல்லாத, சுமார் 7 கிலோமீட்டர் நீளமுள்ள தாராகோட் பாதை 2018-ம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்டது.

இரண்டாவது பாதை அமைக்க இடமும் நிதியும் இருந்ததால் அங்கு தீர்வு சாத்தியமானது. துரஹள்ளி போன்ற சிறிய காட்டில் ஒவ்வொரு தரப்புக்கும் தனிப்பாதை வெட்டினால், எஞ்சியிருக்கும் காடும் துண்டாடப்படும். அங்கு மரப் பூங்கா அமைக்கும் திட்டத்தை 2021-ம் ஆண்டு தொடக்கத்தில் நகரவாசிகள் எதிர்த்ததும் காடு காடாகவே நீடிக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

கர்நாடகம் தரும் எச்சரிக்கை

நம் நாட்டின் வனச் சட்டங்கள் காட்டுக்குள் யார் நுழையலாம் என்பதைப் பற்றியே முதன்மையாகப் பேசுகின்றன. நுழைந்தவர்கள் ஒருவருக்கொருவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது பயணிகளின் பொறுப்பிலேயே விடப்பட்டுள்ளது. அந்தப் பொறுப்பு தவறும்போது நிர்வாகத்தின் கையில் இருக்கும் எளிய வழி, பாதையை மூடுவதுதான்.

2024-ம் ஆண்டு ஜனவரியில் குடியரசு தின விடுமுறையின்போது குமார பர்வத மலையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். இதையடுத்து, இணையவழி முன்பதிவு இல்லாத மலையேற்றப் பாதைகளைத் தற்காலிகமாக மூட அமைச்சர் ஈஸ்வர் கண்ட்ரே உத்தரவிட்டார். பின்னர் முன்பதிவு முறையுடன், ஒரு பாதைக்கு நாளொன்றுக்கு 300 பேர் என்ற வரம்பும் நடைமுறைக்கு வந்தது.

நடப்பவர்களுக்கும் கடமை உண்டு

பொறுப்பு சைக்கிள் ஓட்டுபவருக்கு மட்டும் உரியதல்ல. இரு காதுகளிலும் இயர்போன் பொருத்திக்கொண்டு நடந்தால் எச்சரிக்கைக் குரல் கேட்காது. பாதையின் அகலம் முழுவதும் வரிசையாக நடப்பதும், நாயைக் கட்டாமல் அழைத்து வருவதும் விபத்துக்கு வழிவகுக்கும். குதிரையில் செல்பவரும், தன் குதிரை மிரளக்கூடியது என்றால் முன்கூட்டியே பிறருக்குச் சொல்ல வேண்டும்.

மழைக்குப் பின் பாதை சேறாக இருக்கும்போது அனைவருமே பயணத்தைத் தள்ளிவைப்பது நல்லது. ஈர மண்ணில் சக்கரம், காலணி, குளம்பு ஆகிய மூன்றும் தடம் பதிக்கும். அந்தத் தடங்களில் நீர் ஓடி மண்ணை அரித்துச் செல்லும். புறப்படும் முன், செல்லும் இடத்தில் அனுமதி உள்ளதா என்பதை வனத்துறையிடம் உறுதி செய்துகொள்வதும் அவசியம்.

ஒருவர் நின்று வழிவிடுவதற்குச் சில நொடிகளே ஆகும். அந்த நொடிகளைத் தர மறுத்த இடங்களில் பாதை எல்லோருக்கும் மூடப்பட்டிருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.